சும்மாதான் போறோம்

“எங்க போற?”

இந்தக் கேள்விக்கு 20 ஆண்டுகளாக என்னிடம் பதில் தயாராக இருந்தது. வேலைக்கு. பசாருக்கு. மகளை டியூஷனில் விட. அம்மாவுக்கு மருந்து வாங்க. மோட்டாரை வெளியே தள்ளும்போதே பதிலும் கூடவே வந்துவிடும். அதனால் யாரும் என்னைத் தடுத்ததில்லை. நான் மோட்டார் ஓட்டுகிறேன் என்பதையே யாரும் கவனித்ததில்லை என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

“சும்மாதான்மா. கொஞ்ச பேரு சேர்ந்து போறோம். மலைக்குப் போயிட்டு மத்தியானம் வந்துருவோம்.”

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சும்மாவா?” என்றார். கோபமில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்பது போன்ற குரல்.

அம்மாவுக்கு மோட்டார் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாங்காலி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அவர். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, பழைய ஹொண்டா சி70 ஒன்றை வாங்கி, தோட்டத்து மண்சாலையில் தானே விழுந்து எழுந்து பழகினார். (உரிமம் எடுத்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான். காவல்துறை மன்னிக்க வேண்டும்.) பெரட்டுக்குப் போய், மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டு, மத்தியானம் தமிழ்ப்பள்ளி வாசலில் வந்து நிற்பார். காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றிப் போட்டிருப்பார். ஹெல்மெட்டைக் கழற்றினால் கொண்டையில் வைத்த பூ அப்பளம் மாதிரி தட்டையாகியிருக்கும். பின்னால் அண்ணன், முன்னால் அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில் நான். நான் மோட்டார் கற்றுக்கொண்டது அங்கே நின்றபடிதான்.

அம்மா மட்டுமல்ல. காலை ஆறரை மணிக்கு எந்தத் தொழிற்சாலை வாசலிலும் நின்று பாருங்கள். இரவு வேலை முடிந்த தாதிகளைப் பாருங்கள். இந்த நாட்டில் நம் பெண்கள் கப்சாய் ஓட்டுவது யாருக்கும் அதிசயமில்லை. ஹொண்டாவின் ‘சூப்பர் கப்’ 1958-இல் சந்தைக்கு வந்தது. 2017-இல் அந்த வகை வண்டிகளின் மொத்த எண்ணிக்கை 10 கோடியைத் தொட்டது. அதில் எத்தனை வண்டிகளின் கூடையில் குடும்பத்துக்கான கீரையும் மீனும் போயிருக்கும் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

ஆக, பெண் மோட்டார் ஓட்டலாம். வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான். வேலையில்லாமல் ஓட்டினால்தான் சிக்கல்.

எனக்கு 39 வயதானபோது ஒரு 250சிசி மோட்டார் வாங்கினேன். பழையதுதான். நம் பி2 உரிமத்துக்கு அதுதான் உச்ச வரம்பு. செய்தி குடும்பத்தில் பரவியதும் அத்தை அழைத்தார். “காருதான் இருக்கே, அப்புறம் எதுக்கு?” அண்ணன், “உனக்கு எதாச்சும் பிரச்சினையா? சொல்லு, பேசுவோம்” என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வாரமும் மீன் பிடிக்கக் குளத்துக்குப் போகிறார். ஒரு மீனும் வீட்டுக்கு வந்ததில்லை. அவரிடம் யாரும் பிரச்சினையா என்று கேட்டதில்லை.

அவர்கள் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் நாட்டுச் சாலைகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். ஆனால் நான் 20 ஆண்டுகளாக ரவாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு, மழையில், லாரிகளுக்கு நடுவில் வேலைக்குப் போனபோதும் நிலைமை இதுதானே? அப்போது யாரும் அழைத்து எச்சரிக்கவில்லை. சம்பளத்துக்காகப் போனால் ஆபத்து கணக்கில் வராது போலும்.

அம்மாவைச் சமாதானப்படுத்த அனிதா யூசோப்பின் படத்தைக் காட்டினேன். ஈப்போவில் விரிவுரையாளராக இருந்தவர். 2015-இல் 150சிசி யமஹாவில் தனியாகப் புறப்பட்டு உலகத்தை வலம் வந்தவர். 150சிசி! நம் பிள்ளைகள் கல்லூரிக்கு ஓட்டிப் போகிற அளவு வண்டி. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “பிள்ளைங்கள யாரு பார்த்துக்கிட்டா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. நான் அதைத் தேடிப் படிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்படியாகத்தான் அந்த ஞாயிறு வந்தது.

அலுவலக நண்பர் ஒருவர் மூலம் சேர்ந்த குழு அது. 14 மோட்டார்கள், அதில் நான் ஒருத்திதான் பெண். ரவாங்கில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கூடி, செரண்டா, ராசா வழியாகக் கோல குபு பாரு. அங்கிருந்து சிலாங்கூர் ஆற்று அணையைத் தாண்டி, பிரேசர் மலைக்குப் பிரியும் ‘கேப்’ சந்திப்பு வரை ஏறித் திரும்புவது. எல்லாரும் நல்ல மனிதர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பெண்கள் இப்படி ஒரு குழுவில் போன கதையைச் சொல்லத் தொடங்கினாலே கேட்பவர்கள் ஒரு வில்லனை எதிர்பார்க்கிறார்கள். என் கதையில் அப்படி ஒருவரும் இல்லை.

முன்னால் போகும் தலைவர் எல்லாருக்கும் விதிகளைச் சொன்னார். ஒருவர் தடத்தின் இடப்பாதியில், அடுத்தவர் வலப்பாதியில், மாறி மாறி வர வேண்டும். முன்னவருக்கும் நமக்கும் இரண்டு நொடி இடைவெளி. வளைவுகளில் ஒற்றை வரிசை. கடைசியில் ‘ஸ்வீப்பர்’ வருவார். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “அக்கா, நீங்க கடைசியில வாங்க. அவசரமே இல்ல. ஸ்வீப்பர் அண்ணன் உங்களப் பார்த்துக்குவாரு.”

எனக்கு நன்றியாக இருந்தது. மெதுவாக ஓட்டுபவர் பின்னால் இருப்பதுதானே முறை? உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

தவறு. நான் கணக்குத் துறையில் வேலை செய்பவள். பின்னொரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். தலைவர் 90-இல் போகிறார். முன்னால் ஒரு லாரி. அவரும் அவருக்குப் பின்னால் நாலு பேரும் முந்திவிடுகிறார்கள். எதிரில் வண்டிகள் வருகின்றன. மீதிப் பேர் காத்திருந்து, ஒருவர் ஒருவராக முந்துகிறார்கள். கடைசி ஆளுக்கு வழி கிடைக்க இரண்டு நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். அந்த இரண்டு நிமிடமும் நான் 40-இல் போகிறேன். எனக்கும் தலைவருக்கும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்துவிடுகிறது. அதை அடைக்க 110-இல் ஐந்து நிமிடம் ஓட்ட வேண்டும். அதற்குள் இன்னொரு லாரி வரும், இன்னொரு சிவப்பு விளக்கு வரும். வரிசை ரப்பர் வளையம் மாதிரி இழுபடுகிறது. அந்த இழுப்பு முழுவதும் வாலில் இருப்பவருக்குத்தான். மெதுவாக ஓட்டுபவரைக் கடைசியில் வைத்தால், குழுவிலேயே வேகமாக ஓட்ட வேண்டியவர் அவராகிவிடுகிறார்.

அன்று இது தெரியாது. நான் துரத்தினேன்.

அணையைத் தாண்டியதும் சாலை குறுகி, காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறும். முதல் நாள் இரவு மழை பெய்திருந்தது. வளைவுகளில் மூங்கில் இலைகள் ஈரமாக ஒட்டிக் கிடந்தன. முன்னால் போனவரின் பின்விளக்கு ஒவ்வொரு வளைவிலும் மறைந்து, அடுத்த வளைவில் இன்னும் சிறியதாகத் தெரிந்தது. இது என் வேகம் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். கைகள் கல்லாகிவிட்டிருந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்பதும் தெரிந்தது. ஆனாலும் வேகத்தைக் குறைக்கவில்லை. குறைத்தால், “பொம்பளைங்களக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்” என்று சொல்வார்கள். அன்று காலையிலிருந்து யாரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை. சொல்வார்கள் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஓர் இடது வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. பெரிய வேகமில்லை. ஆனாலும் தோள் தரையில் மோதியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். காறை எலும்பு.

ஸ்வீப்பர் அண்ணன் உடனே நின்றார். 60 வயதிருக்கும். என்னை ஓரத்தில் உட்கார வைத்து, வளைவுக்கு முன்னால் தன் மோட்டாரை விளக்கெரிய நிறுத்திவிட்டு வந்தார். லாரி வந்து சேரும்வரை பேச்சுக்கொடுத்துக்கொண்டே இருந்தார். 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டது இதே சாலையில்தானாம். அவரோடு வந்த காவல் வண்டிகளில் ஒன்று வழியில் பழுதாகி நின்றதாம். அதை விட்டுவிட்டு மற்றவை மேலே போயினவாம். “அதான்மா, யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது” என்றார். தோள் உடைந்து கிடப்பவளுக்குச் சொல்லும் கதையா இது? ஆனால் எனக்கு வலி மறந்து சிரிப்பு வந்தது.

ஆறு வாரம் கை கட்டில் இருந்தது. வந்து பார்த்த உறவினர்கள் ஆப்பிளும் அறிவுரையும் கொண்டுவந்தார்கள். “சும்மா சுத்தப் போயி...” என்று எல்லாரும் ஒரே மாதிரி தொடங்கினார்கள். வேலைக்குப் போகும்போது விழுந்திருந்தால் ‘பாவம்’ என்றிருப்பார்கள். அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டார், சோறு பிசைந்து கொடுத்தார், மகளின் பள்ளி உடுப்பைத் தேய்த்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம்தான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. மோட்டாரை விற்றுவிடலாம் என்று விலைகூடக் கேட்டு வைத்தேன்.

அந்த நாட்களில் இரண்டு அழைப்புகள் வந்தன. ஒன்று, அந்தக் குழுவிலிருந்த 24 வயது இளைஞர். எனக்கு முன்னால் போனவர் அவர்தான். “அக்கா, நானும் பயந்துக்கிட்டேதான் ஓட்டினேன். அவங்களைப் பிடிக்க முடியல. சொல்ல வெட்கமா இருந்துச்சு” என்றார். இது பெண் என்பதால் மட்டும் வந்த வெட்கமில்லை என்று அன்றுதான் புரிந்தது. ஆண்களுக்கும் இருக்கிறது. அவர்கள் அதை இன்னும் இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது அழைப்பு, தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர். பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் ஒரு சிறு குழுவை நடத்துகிறார். வயது 52. எல்லாருக்கும் ‘டீச்சர்’தான். “கை சரியானதும் வாங்க. உங்க வேகத்துல போவோம்” என்றார். இப்படி எல்லாரும்தான் சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

விழுந்து நான்கு மாதம் கழித்துப் போனேன். ஒன்பது பேர் கூடியிருந்தோம். புறப்படும் முன் டீச்சர் வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போல மூன்று கேள்வி கேட்டார். யார் புதுசு? யார் வண்டியில் பெட்ரோல் தொட்டி ரொம்பச் சிறுசு? இன்று யாருக்கு மாதவிலக்கு, யாருக்கு அடிக்கடி நிற்க வேண்டும்? மூன்றாவது கேள்வியை அவர் பெட்ரோல் கேள்வி கேட்ட அதே குரலில் கேட்டார். இரண்டு கைகள் உயர்ந்தன. எங்கெங்கே நிற்பது என்பது அதை வைத்து முடிவாயிற்று. எந்த நிலையத்தில் கழிப்பறை சுத்தம், எங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, எங்கே ஹெல்மெட்டையும் மழை ஆடையையும் மாட்ட ஆணி இருக்கிறது என்ற விவரம் எல்லாம் அவரிடம் இருந்தது. முழங்கால் கவசம், மழைக் கால்சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு, ஈரத்தரையில் எதையும் வைக்க இடமில்லாமல் நின்ற பெண்களுக்குத்தான் அந்த ஆணியின் அருமை தெரியும்.

பிறகு என்னைப் பார்த்து, “நீங்க ரெண்டாவது. எனக்கு நேர் பின்னால. என் கண்ணாடியில நீங்க தெரியணும். நீங்க தெரியலன்னா நான் வேகத்தைக் குறைப்பேன்” என்றார்.

புதியவர் தலைவருக்கு அடுத்து. அவ்வளவுதான் விஷயம். வரிசை முழுவதும் அவர் வேகத்துக்கு வந்துவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் வாலில் இருக்கிறார்கள். ரப்பர் வளையம் இழுத்தால் தாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பழைய ஓட்டுநர்கள் பலருக்கும் தெரிந்த பாடம் இது. ஆனாலும் ‘பாவம், பொம்பளை, பின்னால மெதுவா வரட்டும்’ என்ற கருணை குறுக்கே வந்தால், தெரிந்த பாடமும் மறந்துபோகிறது.

அன்று நாங்கள் 70-ஐத் தாண்டவில்லை. என் முதுகில் எட்டுப் பேரின் பொறுமை உட்கார்ந்திருப்பது போலக் கூச்சமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது, 650சிசி வைத்திருக்கும் ஒருத்தி ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே, “இன்னிக்கு எனக்குத் தூக்கமே வந்துருச்சு” என்றாள். டீச்சர் நிமிரவே இல்லை. “தூக்கம் வந்தா ஓட்டக் கூடாது. போற வழியில ஒரு காப்பி குடிச்சுட்டு வா” என்றார்.

பெண்கள் மட்டும் போனால் எல்லாம் பொன்னாக இருக்கும் என்று எழுத எனக்கு ஆசையில்லை. ஏழு மணி என்றால் ஏழே முக்காலுக்குத்தான் கிளம்புவோம். படம் எடுக்க நிற்கும் நேரத்தில் ஒரு மாவட்டத்தையே தாண்டிவிடலாம். யாருடைய ஜாக்கெட் என்ன விலை என்ற பேச்சும் உண்டு. ஒரு தோழியின் கணவர் முதல் இரண்டு பயணங்களிலும் காரில் பின்தொடர்ந்தார். பாதுகாப்புக்காம். மூன்றாவது முறை டீச்சர் அவரிடம் எல்லாருடைய மழை ஆடைகளையும் தண்ணீர்ப் போத்தல்களையும் கொடுத்து, “சும்மா வர்றீங்கதானே, இதையும் ஏத்திக்குங்க” என்றார். நான்காவது முறை அவர் வரவில்லை.

இப்போதும் அந்தப் பழைய குழுவோடு சில சமயம் போகிறேன். கணக்கைத் தாளில் போட்டுத் தலைவரிடம் காட்டினேன். முதலில் சிரித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த பயணத்தில் புதிதாக வந்த இரண்டு இளைஞர்களை அவருக்கு அடுத்து நிறுத்தினார். ஒருவன் முகம் சுருங்கியது. வாலில் நின்று பறக்கலாம் என்று வந்திருப்பான் போல.

சென்ற மாதம் மறுபடியும் அதே சாலைக்குப் போக வேண்டியிருந்தது. டீச்சர் குழுவோடு, அதே அணை, அதே ஏற்றம். விழுந்த பிறகு அந்தப் பக்கம் நான் போனதில்லை. முதல் நாள் இரவு கையுறைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“எங்க போற?”

“கோல குபு பாரு. அதுக்கு மேல.”

“யாரு முன்னால போறா?”

எனக்குக் கை நின்றுவிட்டது. இத்தனை நாள் அண்ணனிடம் நான் வாதாடியதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

“டீச்சர்.”

“நீ?”

“ரெண்டாவது.”

அம்மா தலையாட்டினார். கையுறை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த தேய்மானத்தை விரலால் தடவினார்.

“உங்கப்பாவை அந்த ஊரு ஆஸ்பத்திரிக்கு எத்தன தடவ கூட்டிட்டுப் போயிருப்பேன். நாப்பது, அம்பது தடவ இருக்கும். வெளிய நின்னா, மலைக்கு ஒரு ரோடு ஏறிப் போறது தெரியும். அதுல போனதில்ல.”

“ஏம்மா?”

“அங்க எனக்கு என்ன வேல?”

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அம்மாதான் கேட்டார்.

“மேல என்னதான் இருக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. கொஞ்ச தூரம் தண்ணி தெரியும். அப்புறம் காடு. மூங்கில். ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகும்.”

“ம்” என்றார். எழுந்து போய், என் ஜாக்கெட்டைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டார்.

“காலையில குளிரும். இப்படி மாத்திப் போட்டுக்க” என்று முன்பின்னாகத் திருப்பிக் காட்டினார்.